மூன்று முகாம்கள்: நாஞ்சில் நாட்டின் பறவைத் தடம்

1933ஆம் ஆண்டு ஜனவரி. மூணாறுக்கு வடக்கே, மழைமறைவுப் பள்ளத்தாக்கான மறையூரில் ஒரு பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. திருவிதாங்கூர், கொச்சி என்ற இரண்டு சமஸ்தானங்களின் காடு, காயல், கழனி, கடற்கரை என்று மாதக்கணக்கில் அது சுற்றிவந்தது. நடத்தியவர் சாலிம் அலி, வயது முப்பத்தாறு. அந்தக் கணக்கெடுப்பின் முகாம் பட்டியலில், தெற்குக் கோடியில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: கேப் காமரின், ஆரம்போலி, பாலமோர். இன்றைய பேச்சில் சொன்னால் கன்னியாகுமரி, ஆரல்வாய்மொழி, கீரிப்பாறையை ஒட்டிய மலையில் இருக்கும் பாலமோர் தோட்டம்.

இன்று குமரி மாவட்டத்துக்கு மூன்று நான்கு நாள் பறவைப் பயணமாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று புள்ளிகளைச் சுற்றித்தான் போகிறார்கள். முதலில் கடலோரம், பிறகு கணவாயின் முட்காடு, கடைசியில் அசம்பு மலை. தாங்கள் தொண்ணூறு ஆண்டுப் பழைய தடத்தில் நடக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. சாலிம் அலியின் அறிக்கை 1935 முதல் 1937 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்தது. 1953இல் திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகள் பற்றிய ஆங்கில நூலாக அது விரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. 1969இல் அதே நூல் கேரளப் பறவைகள் என்ற பெயரில் மறுபதிப்பாக வந்தது. மாநில எல்லை மாறியதும் புத்தகத்தின் பெயர் மாறியது. நாஞ்சில் நாடு அந்தப் பெயருக்கு வெளியே நின்றுவிட்டது.

இந்த மாவட்டத்துப் பறவைகளின் வரலாறு இப்படி வேறு வேறு பெயர்களுக்கு அடியில் சிதறிக்கிடக்கிறது. அதை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அறிஞர்கள் மலையைத் தேடி வந்தார்கள், முனையைத் தேடி வந்தார்கள். அந்த மூன்று முகாம் பெயர்களில் ஒரு குளத்தின் பெயர்கூட இல்லை. ஆனால் நாஞ்சில் நாட்டின் பறவைச் செல்வத்தில் பெரும்பங்கு, உழவர் வெட்டி உழவர் காத்த குளங்களில்தான் இருந்தது, இருக்கிறது.

*

குமரிக்குப் பறவைகள் வந்துபோகின்றன என்பதைத் தமிழர்கள் வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். புறநானூற்றில் பிசிராந்தையார் ஓர் அன்னத்தோடு பேசுகிறார். குமரித் துறையில் அயிரை மீனை உண்டுவிட்டு வடமலைக்குத் திரும்பும் அன்னம் அது. வழியில் உறையூரில் இறங்கிக் கோப்பெருஞ்சோழனைப் பார்த்துப் போகச் சொல்கிறார். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவரும் இப்படியே நாரையைத் தூது விடுகிறார். அந்த நாரையும் தெற்கே குமரிக்கு வந்துவிட்டு வடக்கே திரும்புகிற நாரைதான். இரண்டு பாட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள். இருவரும் ஒரே செய்தியைப் பொதுஅறிவாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: இந்தப் பறவைகள் இந்த மண்ணுக்கு வந்துபோகிறவை, அவற்றுக்குத் தெற்கே ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை குமரி.

இன்றைய அறிவியல் இதை மத்திய ஆசியப் பறவைத் தடம் என்கிறது. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இமயத்தைத் தாண்டி இறங்கும் பறவைகளுக்கு இந்திய நிலப்பரப்பில் கடைசி இறங்குதுறை இந்த மாவட்டம். ஒரு பகுதி இங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. மீதி, கடலைக் கடந்து இலங்கைக்குப் போகிறது.

*

பறவைகளைப் பெயர் எழுதிப் பட்டியலிடும் வேலை காப்பித் தோட்டங்களோடு மலையேறியது. 1860களில் அசம்பு மலையில் காட்டை வெட்டிக் காப்பி போட்டார்கள். நாகர்கோவில் வடசேரியிலிருந்து தெரிசனங்கோப்பு, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குப் போகும் பாதையை இன்றும் அசம்பு ரோடு என்றுதான் சொல்கிறார்கள். துரைமார் மலையேறிய திசை அது. மலையில் தனித்து வாழ்ந்த தோட்டக்காரர்களில் சிலர் துப்பாக்கியால் விலங்குகளைச் சுட்டார்கள். வேறு சிலர் அதே துப்பாக்கியோடு குறிப்பேடும் வைத்திருந்தார்கள்.

பிராங்க் போர்டில்லன் இரண்டாம் வகை. திருவிதாங்கூர் மலைகளில் அவர் சேர்த்த பறவைகளையும் குறிப்புகளையும் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூமுக்கு அனுப்பினார். காங்கிரஸ் கட்சி தோன்றக் காரணமானவர்களில் ஒருவராக நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் அதே ஹ்யூம், அந்தக் காலத்தில் இந்தியப் பறவையியலின் மையப் புள்ளி. அவர் நடத்திய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் 1876இல் திருவிதாங்கூர் மலைப் பறவைகளின் முதல் பட்டியல் வெளிவந்தது. அதே 1876இல்தான் தேரூரில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்தார். மலைப் பறவைகளுக்கு ஆங்கிலத்தில் பட்டியல் உருவான ஆண்டில், சமவெளியின் குளக்கரை ஊர் ஒன்றில் அந்த மண்ணின் பெருங்கவிஞர் தொட்டிலில் இருந்தார் என்பது ஒரு தற்செயல்தான். ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்க தற்செயல்.

காப்பி நீடிக்கவில்லை. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் தென்னிந்திய மலைகளுக்கும் பரவித் தோட்டங்களைச் சீரழித்தது. பின்னாளில் தேயிலை வந்தது, ரப்பர் வந்தது, மாறாமலை, கரும்பாறை, பாலமோர்ப் பக்கங்களில் கிராம்பு நிலைத்தது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு அந்தக் காலத்துத் தோட்ட நிலத்தின் வழித்தோன்றல்.

காப்பி போனாலும் பறவைக் குறிப்புகள் நிலைத்தன. பிராங்கின் சகோதரர் தாமஸ் ஃபுல்டன் போர்டில்லன் சமஸ்தானத்தின் வனப் பாதுகாவலர் ஆனார். திருவிதாங்கூர் மரங்களைப் பற்றி 1908இல் அவர் எழுதிய நூலைத் தாவரவியலார் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவரும் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் ஹரோல்ட் ஃபெர்குசனும் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் பறவைகளையும் அவற்றின் கூடுகட்டும் பழக்கங்களையும் பற்றி 1903-04இல் ஒரு நீண்ட கட்டுரைத் தொடர் எழுதினார்கள். மூன்று பத்தாண்டுகளுக்குப் பின் சாலிம் அலி வந்தபோது அவர் முன்னால் இருந்த அடித்தளம் இதுதான்.

*

சாலிம் அலி எப்படி வந்தார் என்பது தனிக்கதை. பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற மாபெரும் பறவையியலாளரிடம் பயின்று 1930இல் பம்பாய் திரும்பியபோது அவருக்கு வேலை இல்லை. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் அவர் முன்பு பார்த்த வழிகாட்டி விரிவுரையாளர் பதவியே நிதி இல்லாமல் போய்விட்டது. அப்போது அவர் ஒரு யோசனை சொன்னார்: பறவைக் கணக்கெடுப்பு நடக்காத சமஸ்தானங்கள் பயணச் செலவை மட்டும் ஏற்றால் போதும், தனக்குச் சம்பளம் வேண்டாம். ஐதராபாத் முதலில் ஒத்துக்கொண்டது. அடுத்துத் திருவிதாங்கூரும் கொச்சியும். மனைவி தெஹ்மினா முகாமுக்கு முகாம் உடன் வந்தார். ஐரோப்பாவில் படித்து வளர்ந்த அந்தப் பெண் கூடாரத்திலும் மாட்டுவண்டியிலும் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் இருந்ததை, பல ஆண்டுகள் கழித்து எழுதிய தன்வரலாற்றில் சாலிம் அலி நன்றியோடு நினைவுகூர்கிறார். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் என்.ஜி. பிள்ளையும் குழுவில் இருந்தார்.

இன்றைய பறவைப் பயணத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்த முகாமைக் கற்பனை செய்யக் கூடாது. இருநோக்கி இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. அதிகாலையில் போய்ப் பார்த்துக் குறித்துச் சுட்டுவருவார்கள். பகலில் அமர்ந்து தோலை உரித்து, ஆர்சனிக் சோப்புப் பூசி, பஞ்சு அடைத்து, காலில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். இடம், தேதி, உயரம், ஆணா பெண்ணா, இரைப்பையில் என்ன இருந்தது, கூடுகட்டும் நிலையில் இருந்ததா எல்லாம் குறிப்பில் ஏறும். அந்தப் பாடம் செய்த தோல்களை ஆராய்ந்து ஒப்பிட்டவர் ஹ்யூ விஸ்லர். பஞ்சாபில் காவல் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று இங்கிலாந்தில் குடியிருந்தவர். ஆரல்வாய்மொழி முட்காட்டில் விழுந்த ஒரு சின்னக் குருவியின் இறகு நிறத்தை சசெக்ஸ் ஊரகத்தில் ஒருவர் அளந்துபார்த்தார். பறவைகளை நேசித்தவர் எப்படிச் சுட்டார் என்ற கேள்வி இன்று இயல்பாக எழும். ஒளிப்படக் கருவிகள் இன்றுபோல் இல்லாத காலத்தில், நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. சாலிம் அலி அதை மறைக்கவும் இல்லை. அந்தச் சீட்டுகள் இருப்பதால்தான் 1933இல் எந்த இடத்தில் எந்தப் பறவை இருந்தது என்பதை நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மூன்று முகாம்களில் ஆரல்வாய்மொழி தனித்துப் பேச வேண்டியது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் இடத்தில் விழுந்த இடைவெளி அது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் படைகள் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற அரண் இங்கேதான் இருந்தது. பாண்டி நாட்டுக் காற்றும் வறட்சியும் இந்த வழியாகத்தான் நாஞ்சில் நாட்டுக்குள் நுழைகின்றன. அவற்றோடு வறள்நிலப் பறவைகளும் நுழைகின்றன. கௌதாரியும் வானம்பாடியும் இருக்கும் இந்த முட்காட்டிலிருந்து காலையில் புறப்பட்டால், பகலுக்குள் இருவாச்சி பறக்கும் மழைக்காட்டுக்குப் போய்விடலாம். முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் இரண்டு வேறு உலகங்கள். திருவிதாங்கூர்ப் பட்டியலில் வறண்ட நாட்டுப் பறவைகளைச் சேர்க்க வேண்டுமென்றால் இங்கே வந்துதான் ஆக வேண்டும். சாலிம் அலி முகாம் போட்டதன் நியாயம் அதுதான். இன்று அதே காற்றுக்காக முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன, நாட்டிலேயே மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்றாக. இறக்கைகள் சுழலும் வெளியில் பருந்துகளும் வல்லூறுகளும் அதே காற்றைப் பிடித்துத்தான் மேலேறுகின்றன.

*

இனி குளங்கள்.

நாஞ்சில் நாடு என்றால் பழைய கணக்கில் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். இரண்டு பருவமழையும் தொடும் மண் இது. இடவத்தில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு. ஆனால் மழையை நம்பி மட்டும் இங்கே நெல் விளையவில்லை. மலைநீரைத் தடுத்துக் கால் வெட்டி, குளத்தில் தேக்கி, நிறைந்ததும் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்கு விட்டு, மடை திறந்து பத்து என்ற வயல்பரப்பு ஒவ்வொன்றாகப் பாய்ச்சி விளைந்த நெல். கோதையாற்றுப் பக்கத்தில் பாண்டியன் அணை என்ற பெயரே ஒரு பழைய ஆட்சியைச் சொல்கிறது. புத்தன் அணை பதினெட்டாம் நூற்றாண்டின் மார்த்தாண்ட வர்மா காலத்தது. பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. கட்டிய பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சின், 1913இல் இறந்து அணைக்கு அருகிலேயே புதைக்கப்பட்டார். ஊரார் அவரை மூக்கன் துரை என்று சொல்லிவந்தார்கள்.

தேரூர், சுசீந்திரம் பக்கத்துக் குளங்களின் வயது இந்த அணைகளையெல்லாம் தாண்டியது. ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலுக்காக இந்திய அரசு வெளியிட்ட குறிப்பு, ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடுகளில் வரும் குளப் பெயர்களைக் காட்டுகிறது: பசுங்குளம், வெஞ்சிக்குளம், பெருங்குளம், இலஞ்சிக்குளம் என்று போகிறது வரிசை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணை வாரிக் கரை போட்டு, மடை கட்டி, காவல் வைத்துக் காத்த நீர்நிலை இது. இயற்கையான சதுப்பு இல்லை. மனிதர் கைவிட்டால் சில ஆண்டுகளில் மேடாகிவிடும்.

பறவைகளுக்கு இந்த ஏற்பாடு எப்படிப் பொருந்தியது என்பதைப் பயிர்க் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கோதையாற்றுப் பாசனத்தில் ஜூன் 1 அன்று அணை திறந்து பிப்ரவரி 28 அன்று மூடுவது வழக்கம். கன்னிப்பூ அறுத்து, கும்பப்பூவுக்கு உழுது தொழியடிக்கும் நாட்களில்தான் வடக்கிலிருந்து உள்ளான்களும் ஆலாக்களும் வந்துசேர்கின்றன. உழுத சேற்றில் புழுவும் பூச்சியும் மேலே வரும். உண்ணிக்கொக்கும் அரிவாள் மூக்கனும் ஏருக்குப் பின்னாலேயே நடக்கும். நட்டு முடிந்த வயலில் நத்தைகுத்தி நாரை நத்தை பொறுக்கும். அது உழவருக்கே உபகாரம். வடகிழக்கு மழையில் குளம் நிறையும்போது நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் நடுநீரில் இறங்கும். தாமரையும் அல்லியும் மூடிய பகுதியில் தாழைக்கோழியும் இலைக்கோழியும் குடும்பம் நடத்தும். கும்பப்பூ விளைந்து நீர் வற்றத் தொடங்கும்போது கரையோரச் சேறு வெளியே தெரியும். திரும்பிப் போவதற்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள வேண்டிய உள்ளான்களுக்கு அது உற்ற நேரம். ஒரு காட்டிலாகாத் திட்டம் இவ்வளவு பொருத்தமாக வகுக்கப்பட்டிருக்க முடியுமா என்று வியக்கத் தோன்றுகிறது. வகுத்தவர்கள் நெல்லை நினைத்து வகுத்தார்கள். பறவைகள் அதற்குள் தங்கள் இடத்தைக் கண்டுகொண்டன.

குளத்தின் தண்ணீர் கடைசியில் பழையாற்றில் சேர்ந்து மணக்குடியில் கடலுக்குப் போகிறது. அங்கே காயல், அலையாத்திச் செடிகள், கொஞ்சம் தள்ளிப் புத்தளம், சாமிதோப்பு உப்பளங்கள். சமஸ்தானக் காலத்தில் உப்பு அரசின் பெரிய வருமானம். தாமரைக்குளம் உப்பளம் அந்தக் கணக்குகளில் இடம்பெற்ற பெயர். கடல்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போக உப்பு ஏறும். அந்த அடர்ந்த நீரில் பொடி இறால்கள் பெருகும். பூநாரைகள் கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடித்து உண்பது அவற்றைத்தான். பவளக்கால் உள்ளான், கொசு உள்ளான், கருவால் மூக்கன் எல்லாம் பாத்தி வரப்புகளில் வரிசை கட்டும். மன்னார் வளைகுடாவை ஒட்டித் தூத்துக்குடி வரை நீளும் உப்பள வரிசையின் தெற்கு முனை இது.

*

காடுகளுக்குக் காவல் முன்பே வந்துவிட்டது. சமஸ்தானத்தின் வனச் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தது. 1934இல் பெரியாறு ஏரியைச் சுற்றி வேட்டைத் தடைக் காப்பிடம் அமைந்தது. குமரி மாவட்டத்து மலைக்காடும் பின்னாளில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்பில் வனஉயிரினச் சரணாலயமானது. வயல்வெளிக் குளங்களுக்கு அப்படி யாரும் இல்லை. துரைமாருக்கு அவை உள்ளான் சுடும் இடங்கள், பொதுப்பணித் துறைக்குப் பாசன எண்கள். மீன் குத்தகைக்கும் தாமரைக் குத்தகைக்கும் ஏலம் விடும் இடங்கள் என்று ஒரு கணக்கு. தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் தாமரையில் கணிசமான பங்கு இந்தக் குளங்களில் பூத்தது.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதி குளங்களுக்கு நல்ல காலம் இல்லை. நெல்வயல்கள் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் ஆயின. பிறகு வீட்டுமனைகள் ஆயின. வயல் போனால் குளத்துக்கு வேலை இல்லை. வேலையில்லாத குளத்தின் கரையைக் காக்க ஆள் இல்லை. ஆகாயத்தாமரை படர்ந்தது. கழிவுநீர் கலந்தது. நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்தபோது குளங்களுக்குள் மண் கொட்டுவதா, பாலம் போட்டுக் கடப்பதா என்ற சர்ச்சை மாவட்டத்தில் நெடுநாள் நடந்தது. உழவர்களும் சூழல் ஆர்வலர்களும் அப்போது ஒரே பக்கம் நின்றார்கள். இந்த மாவட்டத்தில் குளத்தைக் காக்கும் பேச்சு என்றும் பாசனத்தில்தான் தொடங்கும். பறவை அதில் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த வரிசை சரியானதே. குளத்துக்குத் தண்ணீர் வருவது யாரால், மடை திறப்பது யார், கரை உடைந்தால் மண்வெட்டியோடு ஓடுவது யார் என்று கேட்டால் பதில் ஒரே ஆள்தான்.

கடலோரத்துக்கு வேறு விதமான அடி விழுந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை மணக்குடிப் பாலத்தை உடைத்து அதன் தளங்களை ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு போனது. ஊரில் விழுந்த உயிர்ச்சேதத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் சிறியது. அலையாத்திகள் கரையைக் காக்கும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் மீனவர் ஊர்களிலும் அலுவலகங்களிலும் ஒரே குரலில் எழுந்தது. மணக்குடிக் காயலில் அலையாத்தி நடவுக்கு மதிப்புக் கூடியது.

குளங்களுக்குச் சட்டப்படி ஒரு பெயர் கிடைக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுசீந்திரம்-தேரூர்-மணக்குடி பாதுகாப்புக் காப்பகம் அப்போது அறிவிக்கப்பட்டது. 2022இல் சுசீந்திரம்-தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் ராம்சர் பட்டியலில் ஏறின. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உலக உடன்படிக்கையின் பட்டியல் அது. தேரூர்த் தொகுதி 94.23 எக்டேர், வேம்பனூர் 19.75 எக்டேர்தான். கோடியக்கரையோடும் பழவேற்காட்டோடும் ஒப்பிட்டால் சின்னஞ்சிறு பரப்பு. தேரூர்த் தொகுதியில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருப்பதாகவும் அவற்றில் 53 வலசை வருபவை என்றும் அரசுக் குறிப்பு சொல்கிறது. அதே குறிப்பில் இன்னோர் எண்ணும் உண்டு: தேரூர்க் குளத்தைச் சார்ந்து வாழும் மக்கள் ஏறத்தாழ 10,500 பேர், அவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு வேளாண்மைதான் பிழைப்பு. பறவைகளின் எண்ணையும் மனிதர்களின் எண்ணையும் ஒரே பத்தியில் எழுதியவருக்கு இந்த இடம் நன்றாகப் புரிந்திருக்கிறது.

*

2009இல், சாலிம் அலியின் கணக்கெடுப்பு நடந்து எழுபத்தைந்து ஆண்டு ஆனதை ஒட்டி, கேரளப் பறவையியலாளர்கள் குழு ஒன்று அவருடைய தடத்தை மறுபடி நடந்தது. சி. சசிகுமார், சி.கே. விஷ்ணுதாஸ் உள்ளிட்டோர் அதில் இருந்தார்கள். அவர் போன இடங்களுக்கு, அவர் போன பருவத்திலேயே போய், அவர் பார்த்ததையும் தாங்கள் பார்த்ததையும் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். கேரள வனத்துறை அதை நூலாக வெளியிட்டது. அந்தக் குழு மாநில எல்லையோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்ட பழைய முகாம்களையும் விட்டுவிடவில்லை. இப்போது துப்பாக்கி கிடையாது, காதும் கண்ணும் ஒலிப்பதிவும் போதும். ஆனால் 1933இன் துல்லியமான குறிப்பு இல்லாவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே இடம் இருந்திருக்காது.

அசம்பு என்ற பெயரும் இதற்கிடையில் உலக அறிவியலில் நிலைபெற்றது. முத்துக்குழிவயல் போன்ற உச்சிப் பகுதிச் சோலைகளில் வாழும் ஒரு சிரிப்பானுக்கு 1880இல் பிளான்ஃபோர்ட் பெயர் சூட்டியிருந்தார். வெகுகாலம் அது வடக்கே வாழும் வேறோர் இனத்தின் கிளையாகவே எண்ணப்பட்டது. 2017இல் வி.வி. ராபின் குழுவினர் வெளியிட்ட மரபணு ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் பறவைகள் மலைக்கு மலை தனித்தனியே பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டதைக் காட்டியது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழும் சோலைச்சிட்டு புதிய இனமாகவே அறிவிக்கப்பட்டு, அசம்புவின் பெயரையே அறிவியல் பெயராகப் பெற்றது. சின்ன நீலப் பறவை. தரையோரப் புதரில் நின்று பாடுவது. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை.

அந்த உச்சிச் சோலைக்குப் போவது எளிதில்லை. மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பகுதி புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் காலடி வைக்க முடியாது. 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்து வரப்பட்ட அரிக்கொம்பன் யானை விடப்பட்டது இந்தப் பகுதியில்தான் என்பதைச் சொன்னால், எவ்வளவு உள்காடு என்று புரியும். ஆகவே பெரும்பாலான பயணங்கள் காளிகேசம், கீரிப்பாறைப் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கேயும் குறைவில்லை: சாம்பல் இருவாச்சியின் கரகரப்பு, தீக்காக்கை, மரங்கொத்திகள், பழமரத்தில் கூடும் பச்சைப்புறாக்கள். நல்ல வழிகாட்டி இங்கே அலைபேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்க மாட்டார். அந்தக் குரலைப் போட்டியாளன் என்று நம்பிப் பறவை கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு ஓடிவரும். கூடுகட்டும் பருவத்தில் அதற்கு அது பெரிய நஷ்டம். வருகிறவர்கள் ஒளிப்படத்துக்காக நச்சரிக்கும்போது மறுக்கத் தெரிவதுதான் வழிகாட்டியின் தகுதி.

சமவெளியில் நிலைமை வேறு. தேரூர்க் குளக்கரையில் நின்றால் பேருந்து ஓடுவது கேட்கும். அனுமதிச் சீட்டு இல்லை, வாயிற்காவல் இல்லை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நீர்க்காகமும் துணி துவைக்கிறவர்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும். வெளியூரார் இதைக் கண்டு வியப்பார்கள், ஊரார் அவர்களைக் கண்டு வியப்பார்கள். தொலைநோக்கியை ஊர்ப் பிள்ளைகளிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிற பயணக் குழுக்களுக்குக் குளத்தின் கதை தானாகக் கிடைக்கிறது: எந்த மடை அடைபட்டிருக்கிறது, எந்த ஆண்டு மறுகால் பாயவில்லை, எந்தப் பக்கத்து வயல் மனையாகப் போகிறது. பறவைப் பட்டியலைவிட அந்தச் செய்திகள்தான் அடுத்த ஆண்டு பறவை வருமா என்பதைச் சொல்லும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987இல் தொடங்கியது. தமிழகம் முழுவதும் வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும் இப்போது உண்டு. குமரி மாவட்டத்தில் கல்லூரி மாணவர்களும் ஆர்வலர்களும் கரைகளில் நின்று எண்ணுகிறார்கள். மலைக்கு 1876 இருக்கிறது, 1903 இருக்கிறது, 1933 இருக்கிறது. குளத்துக்கு அவ்வளவு ஆழமான பழைய கணக்கு இல்லை என்பதால் இந்த ஜனவரிக் கணக்குகளுக்குக் கூடுதல் மதிப்பு. அவற்றைப் பறவையின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமாக விட்டுவிடக் கூடாது. குளத்தின் பெயர், அன்றைய நீர்மட்டம், ஆகாயத்தாமரை எவ்வளவு, பக்கத்துப் பத்தில் நிற்பது கும்பப்பூவா வாழையா என்பதும் சேர்த்து, தமிழிலேயே, ஆண்டுதோறும் அச்சாக வேண்டும். பாசன சபைக் கூட்டங்களில் அந்த ஏட்டை மேசைமேல் வைத்துப் பேச முடிய வேண்டும்.